பெயர்ப் பெட்டிக்குள் விழுந்த சலாம்

இது நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுவதும் வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது பாருங்கள். பள்ளிவாசல், கோயில், விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம் என்று எங்கேயாவது ஒரு பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

சென்ற மாரிக்குள் வாவிப் பக்க ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறியது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சில ஆசிரியர்களும் உயர்தரப் பிள்ளைகளும் சேர்ந்து கொஞ்சம் காசு திரட்டி உலர் உணவுப் பொதி கட்டினோம். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பால்மா. பெரிய உதவி ஒன்றும் இல்லை, ஒரு கிழமைக்குக் காணும். தேவையானவர்கள் பெயர், விலாசம், ஊர், தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வரியாக வட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தோம். ஆரையம்பதி, காங்கேயனோடை, பாலமுனை, தாழங்குடா என்று எல்லாப் பக்கமும் இருந்து செய்திகள் வந்தன.

எங்கள் உயர்தர மாணவி ஒருவர் அதற்காகக் கணினியில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதித் தந்தார். விஷுவல் பேசிக்கில் எழுதியது. திரையின் இடப்பக்கம் ஒரு பெரிய எழுத்துப் பெட்டி, பல வரிகள் எழுதக்கூடியது. வலப்பக்கம் நான்கு சின்னப் பெட்டிகள்: பெயர், விலாசம், ஊர், தொலைபேசி. வட்ஸ்அப் செய்தியை அப்படியே பெரிய பெட்டிக்குள் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் முதல் வரி முதற் பெட்டிக்கு, இரண்டாம் வரி இரண்டாம் பெட்டிக்கு என்று போய் உட்காரும். பிறகு இன்னொரு பொத்தான், பட்டியலில் சேர்ந்துவிடும். முதல் இருபது பெயரும் மாவில் கத்தி போனது போலப் போயின. எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். சீஆர் கொப்பியில் ஒவ்வொன்றாய் எழுதினால் இரண்டு நாள் பிடித்திருக்கும்.

பொதி கொடுத்த அன்று பின்னேரம், எல்லாம் முடிந்து வானை மூடும் நேரத்தில், ஒரு வயதான உம்மா வந்து நின்றார். கணவர் மௌத்தாகிப் பல வருடம், மகளோடு இருப்பவர். "எங்கட பேர் இல்லையா மனே?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் இருந்து அனுப்பியதாகச் சொன்னார். அந்தப் போனை வாங்கிப் பார்த்தால் செய்தி அனுப்பித்தான் இருக்கிறது, எங்கள் பக்கம் பார்த்த நீல அடையாளமும் விழுந்திருக்கிறது. பட்டியலைத் தேடினால் அவருடைய பெயர் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அவர் இருந்தார், ஆனால் பெயர் என்ற இடத்தில் இல்லை. பெயர் என்ற இடத்தில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று இருந்தது. செய்தியின் முதல் வரி சலாம். அது பெயர்ப் பெட்டிக்குள் போய்விட்டது. பெயர் விலாசப் பெட்டிக்கும், விலாசம் ஊர்ப் பெட்டிக்கும், ஊர் தொலைபேசிப் பெட்டிக்கும் ஒவ்வொரு படியாய் இறங்கியிருந்தன. தொலைபேசி இலக்கம் ஐந்தாம் வரி. ஐந்தாவது பெட்டி இல்லாதபடியால் அது எங்கேயும் போகவில்லை, காணாமலே போய்விட்டது. பொதி கட்டிய பையன்கள் அந்த வரியைக் கண்டிருக்கிறார்கள். யாரோ பகிடிக்கு அனுப்பியது என்று நினைத்துத் தாண்டிவிட்டார்கள். அழைத்துக் கேட்க இலக்கமும் இல்லையே.

அதே பட்டியலில் "வணக்கம் சேர்" என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் இருந்தன.

அன்று இரவே மூன்று வீட்டுக்கும் பொதி கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த உம்மா ஒன்றும் குறை சொல்லவில்லை. எங்களுக்குத்தான் பொறுக்க முடியவில்லை. மரியாதையாகப் பேச்சைத் தொடங்கியவர்கள் விடுபட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் பெயரை மட்டும் வீசியவர்களுக்குப் பொதி சரியாகப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளை அழுதுவிட்டார். அவருடைய பிழை இல்லை என்று சொன்னோம். சும்மா தேற்றுவதற்காகச் சொன்னது அல்ல. பிழை எங்களுடையது, கற்பித்தவர்களுடையது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்று பாருங்கள். சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைத்தன். ஒரு சரத்தைப் பிரிப்பது எப்படி, பிரித்த துண்டுகளை ஓர் அணிக்குள் வைப்பது எப்படி, அணியின் முதல் இடத்தை 0 என்று எண்ணுவது எப்படி என்பதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். கரும்பலகையில் எழுதும் உதாரணம் எப்போதும் சுத்தமாகவே இருக்கும். மூன்று பெயர், நடுவில் கமா, அல்லது நான்கு வரி, நான்கும் ஒழுங்காக. வினாத்தாளிலும் அப்படித்தான். விடை சரியாக வந்தால் முழுப் புள்ளி. உள்ளே வருவது வேறு மாதிரி இருந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்தில் பாடத்திட்டம் எழுதப் பழகினோம், பிள்ளைகளின் முன்னறிவு என்ன என்று ஒரு தலைப்புப் போட்டு எழுதப் பழகினோம். கணினிக்குள் எழுத்து அனுப்பப் போகும் மனிதர்களின் பழக்கம் என்ன என்று ஒரு தலைப்புப் போட எங்களுக்குத் தோன்றியதில்லை.

முதலில் "வரி" என்றால் என்ன என்பதே நாம் நினைப்பது போல் லேசான விடயம் இல்லை. வயதில் மூத்தவர்களுக்குத் தட்டச்சு இயந்திரம் ஞாபகம் இருக்கும். கச்சேரி வாசலில் பெட்டிசம் அடிப்பவரின் மேசையில் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி முடியும்போது சின்ன மணி ஒன்று கேட்கும். அவர் இடப்பக்கக் கம்பியைப் பிடித்து இழுப்பார். அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கும். கடதாசி ஒரு வரி மேலே ஏறும், கடதாசியைச் சுமக்கும் உருளை தொடக்க இடத்துக்குத் திரும்பும். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழுக்கு வடிவமைத்த இயந்திரத்திலும் இதே கதைதான். பின்னர் தந்திக் கம்பியில் ஓடும் தட்டச்சுக் கருவிகள் வந்தபோது இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு தனித்தனிக் கட்டளைகள் வைத்தார்கள். 1963இல் எழுத்துகளுக்கு இலக்கம் கொடுத்த அமெரிக்கத் தராதரத்திலும், அதுதான் ஆஸ்கி, இரண்டும் இடம்பிடித்தன. தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு 13, அடுத்த வரிக்கு இறங்குவதற்கு 10.

விண்டோஸ் இன்றைக்கும் வரி முடிவில் 13ஐயும் 10ஐயும் சேர்த்தே வைக்கிறது. யுனிக்ஸ், லினக்ஸ், நம் கையில் இருக்கும் அன்ட்ரோயிட் போன் எல்லாம் 10 மட்டும். பழைய மக்கின்டோஷ் 13 மட்டும் வைத்தது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், வரி உடைந்திருக்கும். உள்ளே மூன்று விதம்.

இது எங்களைக் கடித்த விதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு செய்தியாக ஒட்டி நேரம் போகிறது என்று ஒரு தம்பி எல்லாவற்றையும் போனில் ஒரே கோப்பாகச் சேமித்துப் பென்ட்ரைவில் கொண்டு வந்தார். எங்களிடம் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. நோட்பேட்டில் திறந்தால் எல்லாப் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கயிறாக நின்றது. நோட்பேட் 10 மட்டும் இருக்கும் வரி முடிவை மதிக்கத் தொடங்கியதே 2018இல்தான், அதுவும் விண்டோஸ் 10இல். அந்தக் கோப்பைச் செய்நிரலுக்குள் கொடுத்தோம். 13உம் 10உம் சேர்ந்து வரும் இடத்தில் வெட்டு என்று பிள்ளை எழுதியிருந்தார். அப்படி ஓர் இடம் அந்தக் கோப்பில் இல்லை. ஆகவே வெட்டே விழவில்லை. முழு ஊரும் ஒரே பெயர்ப் பெட்டிக்குள் போய் நின்றது. நல்ல வேளை, அது பெரிய பிழை. பெரிய பிழை கண்ணில் படும். சலாம் போல ஒரு வரி நகர்வதுதான் ஆபத்து.

வெட்டுவதற்கு முன் எல்லா விதத்தையும் ஒரே விதமாக்குங்கள் என்று இப்போது கற்பிக்கிறோம். 13-10 சோடியைக் கண்டால் 10 ஆக்கு, தனி 13ஐக் கண்டாலும் 10 ஆக்கு, பிறகு 10இல் வெட்டு. மூன்றே கட்டளை. பைத்தனில் வரி வரியாகப் பிரிக்க ஓர் ஆயத்தக் கட்டளையே இருக்கிறது, இந்த மூன்று விதத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விஷுவல் பேசிக்கின் புதிய பதிப்புகளில் எழுத்துப் பெட்டியிடமே "உன் வரிகளைத் தா" என்று கேட்கலாம். பிள்ளைக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இன்னொன்று. பெட்டியின் அகலம் காணாமல் நீளமான பெயர் அடுத்த வரிக்கு மடிந்து தெரியும். நம் கிழக்கு மாகாணப் பெயர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? முகம்மதுலெப்பை, அகமதுலெப்பை, மீராலெப்பை என்று தொடங்கி இரண்டு முகம்மதும் நடுவில் வந்து முடியும்போது பெட்டி நிறைந்துவிடும். திரையில் இரண்டு வரியாகத் தெரியும், கணினிக்கு அது ஒரே வரி. எதிர்ப்பக்கமும் நடக்கும். போனில் தானாக மடிந்த வரியைக் கண்டு, வரி உடைந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த பெட்டிக்கு உரியதையும் அதே வரியில் எழுதிவிடுவார்கள். திரையைப் பார்த்து வரி எண்ணும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் இருந்து எடுக்க எங்களுக்கு ஒரு முழுப் பாடவேளை போனது.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பல சங்கங்களின் பழைய பட்டியல்கள் அதில்தான் கிடக்கின்றன. யுனிகோட் பரவ முன்னர் நாம் எல்லோரும் பாமினியில்தான் அடித்தோம், அச்சகங்களில் இன்றும் அடிக்கிறார்கள். பாமினியில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் போட்ட உடுப்பு மட்டும்தான். கணினிக்குத் தெரிவது உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறி. அதில் "இ" என்ற எழுத்து இருப்பது கமாவின் இடத்தில். புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி, இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். இலங்கை இணையத் தளங்களில் சில செய்திகளில் கமா வரவேண்டிய இடத்தில் "இ" முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

இப்போது யோசியுங்கள். பாமினியில் உள்ள ஒரு பட்டியலைக் கமாவில் வெட்டு என்று ஒரு பிள்ளை எழுதினால் யார் வெட்டுப்படுவார்கள்? இஸ்மாயில், இப்றாஹீம், இத்ரீஸ், இல்யாஸ். தமிழ்ப் பக்கம் இராசையா, இரத்தினம், இந்திராணி. ஒவ்வொருவரின் தலை எழுத்தும் போய், "ஸ்மாயில்" என்று மீதி மட்டும் அடுத்த பெட்டிக்குள் விழும். அரைப்புள்ளியில் வெட்டினால் மெய்யெழுத்து உள்ள எந்தப் பெயரும் தப்பாது. கணினி பிழை என்று சத்தமும் போடாது. சொன்ன வேலையைச் செய்தது என்று இருக்கும். இதனால் பழைய பட்டியலை முதலில் யுனிகோடுக்கு மாற்றி, ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, பிறகுதான் வெட்டுவது என்ற ஒழுங்கை வைத்திருக்கிறோம். தமிழ்க் கணினி எழுத்துக்கு இலங்கைத் தராதரம் 2008இலேயே வந்துவிட்டது, எஸ்எல்எஸ் 1326. இத்தனை வருடம் போன பிறகும் பாமினிக் கோப்புகளைச் சங்கங்களின் அலுமாரியில் வைத்திருப்பது நமது சோம்பல்தான்.

சரி, வரி ஒழுங்காக வெட்டப்பட்டது என்று வைப்போம். எந்த வரி எந்தப் பெட்டிக்கு? அந்த உம்மாவின் பெயரைத் தொலைத்தது இந்த இடம்தான். முதல் வரி பெயர், நான்காம் வரி தொலைபேசி என்று நிற்கும் இடத்தை வைத்து முடிவு செய்தோம். நிற்கும் இடத்தைப் பார்க்காமல் வரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இடைவெளியையும் கோட்டையும் நீக்கிப் பார்த்தால் பத்து இலக்கம், தொடக்கம் 07 என்றால் அது கைத்தொலைபேசி, எந்த வரியில் இருந்தாலும். 94இல் தொடங்கினால் அதை எடுத்து 0 போட்டுக்கொள்ளலாம். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் என்றால் பழைய அடையாள அட்டை. பன்னிரண்டு இலக்கம் என்றால் 2016இல் இருந்து வரும் புதியது. "இல." என்று தொடங்கினாலோ, "வீதி", "ஒழுங்கை", "குறுக்கு" என்று உள்ளே இருந்தாலோ விலாசம். சலாமையும் வணக்கத்தையும் அடையாளம் காண்பது இவை எல்லாவற்றையும் விட லேசு.

ஊர்ப் பெயர் கொஞ்சம் சில்லறைத் தொல்லை தரும். ஆரையம்பதியையே எடுங்கள். வயதானவர்கள் ஆரைப்பற்றை என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கடைசி எழுத்தை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். சிலர் ஊரின் பெயரை விட்டுவிட்டு மண்முனைப்பற்று என்று பிரதேச செயலகப் பிரிவை எழுதுகிறார்கள். கணினிக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஊர். ஊருக்கு எத்தனை பொதி என்று எண்ணச் சொன்னால் ஒரே ஊரை நான்காக எண்ணும். இதற்கு ஒரு சின்ன அகராதி வைத்தோம், இந்தப் பெயர்கள் எல்லாம் இந்த ஊர் என்று. பிள்ளைகள் அதை வீடுகளில் மூத்தம்மா, பெத்தாச்சியிடம் கேட்டு நிரப்பினார்கள். அந்தக் கிழமை மாதிரிச் சந்தோஷமாக எங்கள் வகுப்பு நடந்த நாள் குறைவு.

பெயர்தான் கடினம். பெயருக்கு முகம் இல்லை, அதாவது இதுதான் பெயர் என்று சொல்லும் அடையாளம் இல்லை. மற்றவை எல்லாம் தங்கள் இடத்துக்குப் போன பிறகு மிஞ்சுவதுதான் பெயர் என்று எடுத்தோம். அதற்கு மேல் பெயரை வெட்டப் போகவேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைக்கும் படிவம் நமக்காகத் தைத்த சட்டை இல்லை. நம்மிடம் குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லை. தமிழர்களிடமும் பெரும்பாலும் அப்படித்தான், முன்னால் நிற்பது தகப்பன் பெயர். வெளிநாட்டுப் படிவம் நிரப்பும்போது முகம்மது குடும்பப்பெயர் ஆகிவிடும், பிறகு ஒரு வீட்டில் வாப்பாவும் மகனும் வேறு வேறு குடும்பமாகத் தெரிவார்கள். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. இணையத் தராதரங்களை வகுக்கும் உலக அமைப்பே, பெயரைத் துண்டாக்குவது உண்மையில் தேவையா என்று முதலில் கேளுங்கள் என்றுதான் வடிவமைப்பவர்களுக்கு ஆலோசனை எழுதி வைத்திருக்கிறது.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "ஏன் இந்தக் கரைச்சல்? நான்கு தனிப் பெட்டியாக வைத்து, அதில் நிரப்பச் சொன்னால் முடிந்ததே." நியாயமான கேள்வி. படித்த, கையில் நல்ல போன் உள்ள, படிவம் நிரப்பிப் பழகிய ஒருவருக்கு அது போதும். கல்லூரிக்கு விண்ணப்பிப்பவருக்குப் போதும். ஆனால் வெள்ளத்துக்குள் பக்கத்து வீட்டுப் போனில் சொல்லி எழுதுவிக்கும் ஓர் உம்மாவுக்கு? அவர் பேசுவது போலத்தான் எழுதுவிப்பார். சலாம் சொல்லி, பெயரைச் சொல்லி, "பள்ளிக்குப் பின்னால, மதகடியில" என்று வழி சொல்லி, கடைசியில் மகளுக்குச் சுகமில்லை என்பதையும் சொல்லுவார். தனிப் பெட்டி வைத்தால் அந்தக் கடைசி வரிக்கு இடமே இல்லை. அந்த வரிதான் அந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுகிற வரி. ஆகவே மக்களிடம் ஒரு பெரிய பெட்டியைக் கொடுங்கள், பிரிக்கும் பாரத்தைக் கணினி சுமக்கட்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. படிவத்துக்கு ஏற்ப மனிதரை மடிப்பதை விட இது நல்லது.

இன்னொரு நண்பர், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரு நொடியில் பிரித்துத் தருமே என்றார். தரும், பெரும்பாலும் சரியாகவும் தரும். எங்களுக்குப் பிரச்சினை அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான். பிரித்ததை ஒருவர் மூலச் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற வேலை அதிலும் குறையாது. அதோடு ஊர் மக்களின் அடையாள அட்டை இலக்கங்களை எங்கேயோ இருக்கும் கணினிக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை யோசிக்கவேண்டும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நமது நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உதவி பெறுவோர் பட்டியலைப் படம் பிடித்து முகநூலில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்த விடயத்தில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். பாடசாலைச் சுவரில், பள்ளிவாசல் மதிலில் ஒட்டிய பெயர்த் தாள்களைப் பெரியவர்கள் விரலால் தடவித் தடவித் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே ஆளின் பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் அடுத்த தாளில் வேறு விதமாகவும் இருக்கும். அதே நாட்களில் இலங்கையின் மென்பொருள் துறை இளைஞர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய சஹானா என்ற ஒரு செய்நிரல் தொகுதியை எழுதினார்கள். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திப் பாவிக்கலாம் என்று திறந்து விட்டார்கள். அது பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் பயன்பட்டது. நமது கடற்கரையின் துயரத்தில் இருந்து பிறந்த செய்நிரல் அது. நமது பிள்ளைகளின் தகவல் தொழினுட்ப வகுப்பில் அதன் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பேங்க் வட்டி கணிக்கும் செய்நிரலை வருடா வருடம் எழுத வைக்கிறோம்.

இனி வேண்டுகோள்.

கணினி கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கு: சரம் பிரிக்கும் பாடத்துக்குப் போகும்போது கரும்பலகை உதாரணத்தோடு நிற்காதீர்கள். பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு விலாசத்தை வட்ஸ்அப்பில் எழுதுவது போல் எழுதி வரச் சொல்லுங்கள். முப்பது பிள்ளை முப்பது விதமாக எழுதி வருவார்கள். அந்த முப்பதையும் ஒரு செய்நிரல் தாங்குகிறதா என்று பாருங்கள். மூன்றே வரி உள்ள செய்தியைக் கொடுத்து நான்காம் வரியைக் கேட்டால் செய்நிரல் விழுந்துவிடும். அது விழுவதைப் பிள்ளை தன் கண்ணால் காணட்டும். வெற்று வரிகளை எல்லாம் நீக்கிவிடு என்று அவசரப்பட்டுச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நம் மக்கள் இரண்டு குடும்பத்தை ஒரே செய்தியில் அனுப்பும்போது நடுவில் வெற்று வரிதான் விடுகிறார்கள்.

பட்டியல் வைத்திருக்கும் நிருவாகங்களுக்கு: மூலச் செய்தியை அழிக்காதீர்கள். பிரித்த பட்டியலின் ஒவ்வொரு வரியோடும் அது வந்த செய்தி முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல், பக்கத்தில் இருக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் ஒருவர் பட்டியலைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்க்கட்டும். ஐம்பது பெயருக்கு அரை மணித்தியாலம் ஆகாது. எக்செல்லில் தொலைபேசி இலக்கத்தைப் போட்டால் முன்னால் உள்ள 0 விழுந்துவிடும், அந்தப் பத்தியை எழுத்து என்று முதலே மாற்றி வையுங்கள். பெயர் விசித்திரமாக இருந்தால் பகிடி என்று தாண்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தச் செய்நிரலை எழுதியது பதினெட்டு வயதுப் பெண்பிள்ளை. வீட்டில் கணினி இல்லை, பாடசாலை முடிந்து ஆய்வுகூடத்தில் இருந்து எழுதியது. பிழை வந்த பிறகு இனி வேண்டாம் என்று விட்டுவிடாமல் மூன்று கிழமையாக அதைத் திருத்தினார். "பிள்ளை கொம்பியூட்டரே கதி என்று கிடக்குது" என்று முறைப்பாட்டோடு வரும் உம்மாமார், அம்மாமார், அது எதைச் செய்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

திருத்திய செய்நிரலில் இப்போது வலப்பக்கம் ஐந்து பெட்டி இருக்கிறது. நான்கும் முன்பு இருந்தவைதான். ஐந்தாவது பெரியது, மஞ்சள் நிறம். எந்தப் பெட்டிக்கும் பொருந்தாத வரி எல்லாம் அதற்குள் வந்து நிற்கும், ஒன்றும் தொலையாது. அதற்குள் ஏதாவது இருக்கும்வரை பட்டியலில் சேர்க்கும் பொத்தான் வேலை செய்யாது. ஓர் ஆள் வாசித்து, "பார்த்தேன்" என்று அடையாளம் போடவேண்டும். சலாமை மட்டும் கணினியே கண்டு நீக்கிவிடலாமே, ஏன் அதையும் மஞ்சள் பெட்டிக்குள் காட்டுகிறீர் என்று கேட்டோம். "சலாம் சொன்னால் ஒரு ஆள் பதில் சொல்லணுமே சேர்" என்றார்.

செய்நிரல் வேண்டிய சங்கங்கள், கழகங்கள் பாடசாலை நாட்களில் இரண்டு மணிக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்கு வரலாம். காசு இல்லை. பென்ட்ரைவ் நீங்கள் கொண்டு வாருங்கள், வைரஸ் இல்லாததாக.